ஐந்து வருடம் வீடு காலி செய்த அண்ணன்

கடன்காரர்களில் எத்தனையோ தினுசு உண்டு. வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் கொல்லைப்பக்கமாக நழுவுகிறவர்கள். ஒரு கடனை அடைக்க இன்னொன்று வாங்கி, அதை அடைக்க மூன்றாவது வாங்கி, கடைசியில் யாருக்கு எவ்வளவு என்று தங்களுக்கே குழம்பிப் போனவர்கள். சொல்லாமல் கொள்ளாமல் பம்பாய்க்கு ரயிலேறியவர்கள். லாரி புக்கிங் ஆபீசில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன் நான், எல்லாரையும் பார்த்தாகிவிட்டது. ஆனால் கடனை அடைப்பதற்காக, குடியிருந்தபடியே தன் வீட்டைக் காலி செய்தவர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் திருச்செங்கோட்டில் இருந்தார். அவர் வீட்டு முன்னறையில் நான் வாடகைக்கு இருந்தேன்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. ரேஷன் கார்டில் இருந்தது. தெருவில் அது யாருக்கும் தேவைப்படவில்லை. எதைக் கண்டாலும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, "இது எதுக்குங்க?" என்று கேட்பார். அதனால் எதுக்குங்க அண்ணன். தபால்காரர்கூட வாசலில் நின்று, "எதுக்குங்கண்ணன் ஊட்ல இருக்கறாருங்களா?" என்றுதான் குரல் கொடுப்பார்.

அந்தக் கேள்விதான் அவரைக் கவிழ்த்தது. எழுபதுகளின் நடுவில் அந்த ஊரில் இரண்டு சாதி மனிதர்கள்தான் இருந்தார்கள். ஒன்று, லாரி முதலாளி. இன்னொன்று, லாரி முதலாளி ஆகப்போகிறவர். அண்ணனும் தன் அப்பா கட்டிய வீட்டின் பத்திரத்தை ஒரு பைனான்ஸ்காரரிடம் வைத்து லாரி வாங்கினார். இன்சூரன்ஸ் ஏஜெண்ட் வந்து, அடுத்தவனுக்கு ஆகும் சேதத்துக்கு மட்டும் போட்டால் போதாது, நம் வண்டிக்கும் சேர்த்துப் போட்டுவிடுங்கள் என்று மன்றாடியிருக்கிறார். அண்ணன் தலையைச் சாய்த்திருக்கிறார்.

"கண்ணாடியில மாரியாத்தா படம் ஒட்டியாச்சு. நம்ம வண்டிக்கு அதுக்கு மேல எதுக்குங்க?"

எட்டாவது மாதம், சேலத்தில் ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு வடக்கே போன வண்டி, தொப்பூர் கணவாயில் நல்ல மழையில் பள்ளத்தில் சாய்ந்தது. டிரைவரும் கிளீனரும் மாரியாத்தா புண்ணியத்தில் சிராய்ப்போடு தப்பினார்கள். வண்டி தப்பவில்லை. இரண்டு நாள் மழையில் மூட்டைகள் ஊறி, உப்பி, வெடித்து, பள்ளம் முழுக்க ஜவ்வரிசி. அண்ணன் போய்ச் சேர்ந்தபோது சுற்றுவட்டாரத்து மாடுகள் எல்லாம் அங்கே விருந்தில் இருந்தனவாம். "சர்க்கரையும் பாலும் மட்டும் இருந்திருந்தா தம்பி, ஒரு ஜில்லாவுக்கே பாயசம் ஊத்தியிருக்கலாமுங்க" என்று என்னிடம் சொல்வார். சொல்லிவிட்டுச் சிரிக்க மாட்டார்.

சரக்குக்காரருக்குக் கட்டவேண்டிய நஷ்டத்தையும் அதே பைனான்ஸ்காரரிடம், அதே பத்திரத்தின் மேல் வாங்கிக் கொடுத்தார். ஐந்து வருடக் கெடு. அதற்குள் அடைக்கவில்லை என்றால் வீடு பைனான்ஸ்காரருக்கு.

அண்ணன் மனைவி பாவாயக்கா அதிகம் பேசாதவர். அந்த வாரமே ஒரே ஒரு தடவை வாயைத் திறந்திருக்கிறார். "ஊட்டை வித்துக் கடனைக் கட்டிப்போடலாமுங்க. ஒரு சின்ன ஊட்டுக்கு வாடகைக்குப் போயிக்கலாம். சட்டி பானை, கட்டிலு, நகை நட்டாச்சும் மிஞ்சும்."

"எங்கய்யன் கட்டுன ஊடு. அதை வித்துட்டு இந்தத் தெருவுல நான் எப்படி நடக்கறது? உள்ள இருக்கறதை விக்கலாம். ஊட்டைத் தொடக் கூடாது" என்றார் அண்ணன்.

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு போர்வெல் ரிக் பட்டறையில் வெல்டிங் வேலைக்குப் போனார். நேற்றுவரை முதலாளி என்று கூப்பிட்டவர்கள் "ஏப்பா, இங்க வா" என்றார்கள். சம்பளம் வட்டிக்குச் சரியாகப் போயிற்று. அசலுக்கு வீட்டுச் சாமான். வாரச் சந்தை நாள் வந்தால் ஒரு சாமான் வெளியே போகும்.

நான் போய்ச் சேர்ந்தது இரண்டாவது வருடம். முன்னறையில் இருந்த பீரோவும் மேஜையும் பெஞ்சும் அதற்குள் சந்தைக்குப் போய்விட்டதால், அறை மட்டும் எதற்குச் சும்மா கிடக்கிறது என்று வாடகைக்கு விட்டிருந்தார். நான் ஆத்தூர்ப் பக்கத்துக்காரன். கல்யாணமாகி மூன்று மாதம். நானும் என் மனைவி சுகுணாவும் மாட்டு வண்டியிலிருந்து சாமான் இறக்க, அண்ணன் வாசலில் நின்று சுங்கச்சாவடிக்காரர் மாதிரி ஒவ்வொன்றையும் சோதித்தார்.

"நாலு கரண்டி எதுக்குங்க தம்பி? உங்க ரெண்டு பேருத்துக்கும் சேத்து நாலு கைதானுங்களே. எல்லாக் கையிலயும் கரண்டி புடிச்சா சோறு எதுல உங்கறது?"

நான் அசடு வழிந்தேன். அடுத்து படுக்கை மூட்டை இறங்கியது. அவர் தலை சாய்ந்தது.

"கண்ணாலம் ஆயி மூணு மாசம்ங்கறீங்க. ரெண்டு தலகாணி எதுக்குங்க?"

உள்ளே போன சுகுணா சாயங்காலம் வரை வெளியே வரவில்லை.

அவர் கேட்பதில் விஷமம் இருக்காது. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர் போலத்தான் கேட்பார். சுவர்க் கடிகாரம் போனது: பக்கத்து வீட்டு ரேடியோவில் மணி சொல்கிறார்களே, நமக்கு எதுக்குங்க? அந்த ரேடியோ ரிப்பேரான வாரம், மகள் செல்வி ஐந்து நாளும் பள்ளிக்கூடத்தில் வெளியே நின்றாள். உள் அறைக் கதவுகள் போயின: நம்ம ஊட்டுக்குள்ள நாம ஆருக்குத் தாப்பாப் போடறது? அப்பாவின் படத்துக்குப் போட்டிருந்த தேக்குச் சட்டமும் கண்ணாடியும் போயின. படத்தை மட்டும் சோற்றுப் பசை தடவிச் சுவரில் ஒட்டினார். "அவரு என்னுங்க தம்பி, எறங்கியா ஓடப் போறாரு?"

சமையலில் அவர் காட்டிய நுணுக்கத்தைத் தனிப் புத்தகமாகப் போடலாம். திங்கட்கிழமை கொள்ளு வேகவைத்தால் அந்தத் தண்ணீரில் ரசம், செவ்வாய்க்கிழமை அந்தக் கொள்ளைக் கடைந்து பருப்பு, புதன்கிழமை கடைந்ததில் மிச்சத்தைக் களிக்குத் தொட்டுக்கொள்ள. வியாழக்கிழமை கொள்ளு என்ற பேச்சு மட்டும். காபிக்கு முதலில் பால் நின்றது. வரக்காப்பி ஆனது. பிறகு காபித் தூள் நின்று, கருப்பட்டித் தண்ணீர் ஆனது. பிறகு கருப்பட்டியும் நின்றது. ஆனாலும் ஒறம்பரை என்று சொந்தக்காரர் யாராவது வந்தால் பாவாயக்கா டம்ளரில் வெந்நீரை ஆற்றிக் கொண்டுவந்து வைப்பார். "காப்பி சாப்புடுங்க" என்பார் அண்ணன், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். வந்தவர்கள் குடித்துவிட்டு, நல்லாருக்குதுங்க என்று வேறு சொல்லிவிட்டுப் போவார்கள். மறுபடி வரமாட்டார்கள்.

பைனான்ஸ்காரர் மாதம் ஒரு தடவை வட்டிக்கு வருவார். ஆள் கனம். நாற்காலி இருந்த காலத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம், பணத்தின் அருமை பற்றிப் புத்திமதி சொல்வார். நாற்காலி விற்ற மாதம் நின்றுகொண்டே ஆரம்பித்தவர், ஐந்து நிமிடத்தில் மூச்சு வாங்கிக் கிளம்பிவிட்டார். அண்ணனுக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அடுத்த மாதம் அந்த மனிதர் ஜீப்பில் தன் சொந்த மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்தார். முக்கால் மணி நேரம் புத்திமதி சொல்லிவிட்டு, போகும்போது நாற்காலியை மறந்துவிட்டார். அன்றைக்குச் சந்தை நாள். நான் அந்த நாற்காலியின் கதி முடிந்தது என்று நினைத்தேன். அண்ணன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு, சந்தை வழியாகவே நடந்து, மலையடிவாரத்துக்கு அந்தப் பக்கம் இருந்த பைனான்ஸ்காரர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

வாசிக்கிற உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கும் அப்போது வந்தது. சாயங்காலம் ஆபீசில் இதையெல்லாம் நடித்துக் காட்டுவேன், டிரைவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஒரு நாள் சுகுணா என்னைப் பிடித்துக்கொண்டாள். "அந்தக்கா கழுத்தப் பாத்தீங்களா?" என்றாள். நான் பார்த்ததில்லை. தாலிக்கொடி போய்விட்டிருந்தது. மஞ்சள் கயிற்றில் ஒரு விரலி மஞ்சள் கட்டியிருந்தார் பாவாயக்கா. கல்யாணம் காட்சி எதற்கும் போவதை நிறுத்தி ஒரு வருடம் ஆகியிருந்தது.

"ஏங்க்கா யாரோடயும் பேசவே மாட்டேங்கறீங்க?" என்று சுகுணா கேட்டிருக்கிறாள்.

"ஊட்டுக்குள்ள ஒண்ணுமில்லைங்களா சாமி. பேசினா எதிரொலிக்குது. அதான் பேசறதில்லை."

அதற்குப் பிறகு நான் ஆபீசில் நடித்துக் காட்டவில்லை.

பாத்திரம் விற்க ஆரம்பித்ததில்தான் அண்ணன் ஒரு தப்புச் செய்தார். நம் பக்கத்தில் சீராகக் கொடுக்கிற பாத்திரத்தில் பெயர் வெட்டாமல் கொடுத்தால் கொடுத்த மாதிரியே இல்லை. இன்னார் அன்பளிப்பு என்று வாய்விளிம்பில் இருக்கவேண்டும். அண்ணன் வீட்டில் இருந்த சொம்பு, தவலை, குத்துப்போணி எல்லாவற்றிலும் ஒவ்வொரு ஒறம்பரையின் பெயர். அத்தனையையும் ஒரே பாத்திரக் கடையில் போட்டார். அந்த ஒறம்பரைகள் எல்லாரும் விசேஷத்துக்குப் பாத்திரம் வாங்குகிறதும் அதே கடைதான். புதுசுக்குக் காசு போதாதவர்கள், கடைக்காரர் துலக்கி வைத்திருக்கும் பழசில் கைவைப்பார்கள். அண்ணனின் சித்தப்பா ஒருவர், முன்பின் தெரியாத வீட்டுக் காதுகுத்துக்குப் போய், அங்கே பந்தியில் தன் பெயர் வெட்டிய சொம்பில் தண்ணீர் குடித்து, புரையேறி, எழுந்து வந்துவிட்டார்.

ஆனால் அண்ணனின் அக்கா அப்படி எழுந்து வருகிற ஆள் இல்லை. ஜேடர்பாளையத்தில் வாழ்க்கைப்பட்டவர். தம்பி வீட்டுக்கு அவர் சீராகக் கொடுத்த பெரிய பித்தளை அண்டா கடையில் கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்தார். காசு கொடுத்து வாங்கி, வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, வாசலில் தொப்பென்று இறக்கினார். அரை மணி நேரம் தெருவே வேடிக்கை பார்த்தது.

"அக்கா குடுத்த அண்டாவ எடைக்குப் போட்டவன் நீ. உனக்குத் தண்ணி வாத்துக்க அண்டா வேண்டாமாடா?"

"ஒரு கொடம் இருக்குதுக்கா. அண்டா எதுக்குங்க?"

அடுத்த சந்தைக்கு அண்டா மறுபடி கடைக்குப் போனது. இரண்டு மாதத்தில் அக்கா மறுபடி வந்து, மறுபடி வாங்கி, மறுபடி இறக்கி, மறுபடி அரை மணி நேரம். இப்படி இரண்டு வருடம். கடைக்காரர் தூரத்தில் அக்காவின் தலை தெரிந்ததும் அண்டாவை எடுத்து முன்னால் வைத்துவிடுவார். அவர் எடைக்கு வாங்குகிறதும் விலைக்கு விற்கிறதுமாக நடுவில் நன்றாகக் கொழுத்தார்.

சுகுணாவுக்குப் பொறுக்கவில்லை. ஒரு தடவை அக்காவிடமே கேட்டுவிட்டாள், தம்பிதான் விற்கிறார் என்று தெரிந்தும் ஏன் வாங்கி வருகிறீர்கள் என்று. அக்கா குரலைத் தாழ்த்தினார். "காசுன்னு குடுத்தா என்ற மூஞ்சியில முழிக்க மாட்டானுங்க சாமி. அண்டான்னா வித்துப்போடுவான்."

இந்தச் சூட்சுமம் தெரியாமல் அண்ணன் ஏமாறுகிறாரே என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு சந்தை நாள் காலையில் அவர் கிணற்றடியில் குத்தவைத்து, அந்த அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். விற்கப்போவதுதானே, எடைக்குத்தானே காசு, இதை எதற்குத் துலக்குகிறீர்கள் என்று அவர் பாணியிலேயே கேட்டேன். அவர் நிமிரவில்லை.

"அக்கா வாங்கறப்ப அழுக்கா இருந்துதுன்னா மனசுக்குச் சங்கட்டப்படுமுங்க தம்பி."

நாலாவது வருடக் கடைசியில் அக்கா வருவது நின்றது. காவிரிக் கரையில் அவர்கள் போட்டிருந்த வெற்றிலைக் கொடிக்கால் நோய் விழுந்து மொத்தமாகப் போய்விட்டதாம். அண்டா கடையிலேயே இருந்தது. கொஞ்ச நாளில் யாரோ வாங்கிப் போனார்கள். பட்டறையிலும் வேலை குறைந்து வாரத்தில் மூன்று நாள் கூலிதான் என்றார்கள். விற்க வீட்டில் ஒன்றுமில்லை. அசல் பாதியில் நின்றது, வட்டிக்கே இழுபறி. ஐந்தாவது வருடம் முடியப்போகிற சமயத்தில் வந்த பைனான்ஸ்காரர் நாற்காலி கொண்டுவரவில்லை. ஜீப்பிலிருந்து இறங்காமலே, அடுத்த மாதம் கெடு முடிகிறது, ரிஜிஸ்தர் ஆபீசுக்கு வரத் தயாராக இரு என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணன் வெற்று வீட்டில் சுவரோரமாக உட்கார்ந்து ஒவ்வொரு மூலையாகப் பார்ப்பார். நான் நிலைப்படியில் நின்று பார்த்திருக்கிறேன். மூலைகளில் சுண்ணாம்பு தவிர ஒன்றும் கிடையாது. இருந்தாலும் பார்ப்பார். என்னிடமும் காசில்லை, இருந்து கொடுத்தாலும் வாங்கியிருக்க மாட்டார்.

செல்விக்கு அப்போது பதினைந்து வயது. அந்த வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கில் முதலாவதாக வந்ததற்கு ஒரு எவர்சில்வர் தட்டு பரிசு கொடுத்தார்கள். அவள் பெயர் வெட்டிய தட்டு. வீட்டுக்குக் கொண்டுபோனால் சந்தைக்குப் போய்விடும் என்று எங்கள் அரிசி டின்னுக்குள் ஒளித்துவைத்திருந்தாள். சாயங்காலம் வந்து, டின்னைத் திறந்து, தட்டைப் பார்த்துவிட்டு, மறுபடி அரிசிக்குள் புதைத்துவிட்டுப் போவாள். சுகுணா யாரிடமும் மூச்சுவிடவில்லை. எனக்கே வெகு நாள் கழித்துத்தான் தெரியும்.

ஜீப் வந்துபோன மறுநாள் சந்தை. செல்வி விடிந்ததும் எங்கள் அறைக்கு வந்து டின்னைத் திறந்தாள். தட்டிலிருந்த அரிசி மாவைத் தாவணியில் துடைத்தாள். நேராக உள்ளே போய் அப்பா முன்னால் வைத்தாள்.

"இது ஏது?" என்றார் அண்ணன்.

"பள்ளிக்கூடத்துல குடுத்ததுங்கப்பா. சந்தைக்கு எடுத்துட்டுப் போங்க."

அவர் தட்டைத் திருப்பி, விளிம்பில் வெட்டியிருந்த பெயரை விரலால் தடவினார். "உன்ற பேரு போட்டிருக்குதே சாமி. நீ வெச்சுக்கல?"

"சோறு உங்கறதுக்குத்தான் ஒரு தட்டு இருக்குதுங்களே. ரெண்டாவது எனக்கு எதுக்குங்க?"

அவள் கிண்டல் பண்ணவில்லை. அதுதான் கொடுமை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, அவரைப் போலவே, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் போலக் கேட்டாள். அண்ணன் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவாயக்கா அடுப்படியில் ஊதாங்குழலைக் கீழே வைத்துவிட்டார். அண்ணன் எழுந்து, தட்டை மகள் கையில் கொடுத்தார்.

"இன்னைக்கு இதுல சோறு போட்டு உண்ணு சாமி" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

சந்தைக்குப் போகவில்லை. அந்த வீட்டின் மேல் வெகு நாளாகக் கண் வைத்திருந்த ஒரு ரிக் முதலாளியிடம் போய், ஊட்டை எடுத்துக்கறீங்களா என்று கேட்டிருக்கிறார். பத்து நாளில் எல்லாம் முடிந்தது. பைனான்ஸ்காரருக்குக் கடைசிப் பைசா வரை கட்டினார். கையில் மிஞ்சியது சின்ன வீடு ஒன்றுக்கு முன்பணமும் ஒரு வருட வாடகையும். எந்த வீட்டைக் காப்பாற்றுவதற்காக ஐந்து வருடம் அந்த வீட்டையே உரித்தாரோ, அதைக் கடைசியில் விற்றேவிட்டார். முதல் வாரமே விற்றிருந்தால் கட்டிலும் பீரோவும் தாலிக்கொடியுமாகப் போயிருக்கலாம். இதை நான் மனசுக்குள் கணக்குப் போட்டு, வாயை மூடிக்கொண்டேன். பாவாயக்காவுக்கு அந்தக் கணக்கு ஐந்து வருடமாகத் தெரியும்.

"நீங்க அன்னைக்கே சொன்னீங்களேக்கா. கோவம் வரலையா?" என்று சுகுணா கேட்டாள்.

"வந்துதுங்க. மூணு வருசம் வந்துது. அப்பறம் அதையும் வெச்சுக்க முடியல" என்றார் பாவாயக்கா.

வீடு மாறுகிற அன்றைக்கு நல்ல முகூர்த்தம். எங்கள் தெருவில் யார் வீடு மாறினாலும் ஆளுக்கு ஒரு கை பிடிப்பது வழக்கம். அன்றைக்கும் வந்துவிட்டார்கள். தலைக்குச் சும்மாடு கட்டிக்கொண்டு வந்தவர் இருவர். புக்கிங் ஆபீசிலிருந்து இரண்டு லோடுமேன்கள், கயிறோடு. பக்கத்து வீட்டு ரேடியோக்காரர் தள்ளுவண்டியே கொண்டுவந்தார். மொத்தம் பதினாலு பேர். உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு பாய், ஒரு ஊதாங்குழல், சமையல் சாமான் கொஞ்சம். அத்தனை பேரும் தூக்குவதற்காக வந்து, தூக்க ஒன்றுமில்லாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

பிறகு ரேடியோக்காரர் ஒரு பாயை எடுத்துத் தோளில் வைத்தார். சும்மாடு கட்டியவர் அதன் மேல் ஒரு குண்டானை வைத்துக்கொண்டார். ஒரே டிரங்குப் பெட்டியை இரண்டு லோடுமேன்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். ஒருவருக்கு மத்து, ஒருவருக்குக் கரண்டி. எனக்கு அரிவாள்மனை கிடைத்தது. தள்ளுவண்டி காலியாகவே வந்தது. எதிரே வந்த ஒருவர், என்ன விசேஷம் என்று கேட்டார்.

அண்ணனை ஒன்றும் தூக்கவிடவில்லை. அதே தெருவில், எல்லார் வாசலையும் தாண்டி, வெறுங்கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசியில் நடந்துவந்தார். நான் வேகத்தைக் குறைத்து அவரோடு சேர்ந்துகொண்டேன். கொஞ்ச தூரம் போனதும் மெதுவாகச் சொன்னார்.

"வேலைய உட்டுட்டு இத்தன பேரு வந்திருக்கீங்க தம்பி. ஆளுக்கொரு நல்ல சாமான் தூக்கறதுக்கு இல்லாமப் போச்சு. ஆரும் தப்பா நெனச்சுக்காதீங்க."

அரிவாள்மனையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு அவர் பக்கத்திலேயே நடந்தேன். இரண்டு தெருதான் தூரம், சீக்கிரம் வந்துவிட்டது. இன்னும் நாலு தெரு இருந்திருந்தாலும் அவரோடு நடந்திருப்பேன்.